காசிமேட்டு ஐஸும் கேரம் பலகையும்: ஆட்டோவா, மேனுவலா?

வட சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடிவதற்கு முன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். அங்கே கேமராவை முழு ஆட்டோவில் வைத்துப் பத்துப் படம் எடுத்துப் பாருங்கள். ஐஸ் பெட்டியை நோக்கி எடுத்தால் வெள்ளை ஐஸ் அழுக்குச் சாம்பலாகிவிடும். அப்படியே திரும்பிக் கறுத்த கடலை எடுத்தால் அதுவும் வெளுத்துச் சாம்பலாகிவிடும். கேமரா பழுதாகிவிடவில்லை. எதிரே இருப்பது சராசரியாக 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் என்று நம்பித்தான் உள்ளிருக்கும் ஒளிமானி கணக்குப் போடுகிறது. 1938இல் வந்த கோடாக் சூப்பர் சிக்ஸ்-20 ஒளியை உணரும் செலினியம் செல்லின் உதவியோடு, ஒளி நுழையும் துளையான அபர்ச்சரைத் தானே சரிசெய்துகொண்டது. இன்றைய கேமராக்கள் முகத்தைக்கூட அடையாளம் காண்கின்றன. ஆனாலும் முகம் இல்லாத இடத்தில், ஐஸும் வஞ்சிரமும் மட்டும் படச் சட்டத்தை நிறைக்கும்போது, பழைய சாம்பல் நம்பிக்கை தலைகாட்டிவிடுகிறது.

காசிமேட்டில் மூன்று வழிகளையும் முயன்றிருக்கிறேன். முதலாவது, கைப்பேசி. பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துவிடும். அசையாத மீன் கூடை அழகாக வரும். ஏலம் கூறுபவரின் கை மட்டும் புகையாகக் கரைந்திருக்கும். அதைவிடக் குறை, நிழலையெல்லாம் தூக்கிவிட்டு நான்கு மணியை ஏழு மணி ஆக்கிவிடுவது. இன்றைய மீன் வரத்தை உறவினருக்கு வாட்ஸப்பில் காட்ட இது போதும்.

இரண்டாவது, எல்லா அளவுகளையும் நானே திருகி வைக்கும் முழு மேனுவல். கூரைக்குக் கீழே எல்லாம் சரியாக இருக்கும். படகுத்துறைப் பக்கம் பத்து அடி வைத்தால் இருட்டு. நான் திருகிக்கொண்டிருக்கும் நேரத்தில் தலையில் கூடையோடு ஓடியவர் போயே போய்விடுவார். வானம் வெளுக்கத் தொடங்கிய பிறகோ வெளிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

மூன்றாவது வழியில்தான் நான் நிலைத்தேன். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/250 நொடி, அபர்ச்சர் 2.8 என்று நானே பூட்டிவிட்டு, ஒளியுணர்வின் அளவான ஐஎஸ்ஓவை மட்டும் கேமராவிடம் விட்டுவிடுகிறேன். ஐஸ் சட்டத்தை நிறைத்தால் கேமராவின் கணக்கைத் திருத்தும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு வெளிச்சம், கூட்டுவேன்; கருங்கடல் என்றால் ஒரு ஸ்டாப் குறைப்பேன். கட்டை விரலுக்கு அவ்வளவுதான் வேலை. ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் கொஞ்சம் மணல் தூவியதுபோல் இருக்கும். மீன் சந்தைப் படம் பளிங்குபோல் இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கேரம் கிளப்பில் கதை தலைகீழ். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா வட சென்னைப் பெண். அதைக் கேட்டுவிட்டு இங்குள்ள கிளப்களுக்குக் கேமராவோடு வருபவர்கள் ஆட்டோவை மறந்துவிடலாம். பலகைக்கு மேலே தொங்கும் விளக்கு மாலை முழுக்க மாறுவதே இல்லை. பலகை வெள்ளை வெளேர் என்றிருக்கும்; ஆடுபவர் முகம் இருட்டில் இருக்கும். ஆட்டோ பலகைக்கு மரியாதை செய்து முகத்தைக் கைவிட்டுவிடும். முகத்துக்கு ஒருமுறை அளந்து மேனுவலில் பூட்டிவிடுங்கள், பலகை சற்று வெளுத்தாலும் பரவாயில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/500இல் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக வரும். 1/100இல் வராது. ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் இழுபடும். இழுபடட்டும், அது ஓடுகிறது என்று தெரிய வேண்டாமா?

ஃப்ளாஷில்தான் நான் சூடு கண்டேன். தண்டையார்பேட்டையில் ஒரு வரவேற்பு; மேடைக்குப் பின்னால் கண்ணாடி பதித்த அலங்காரம். லென்ஸ் வழியே வரும் ஒளியை அளந்து ஃப்ளாஷைக் கேமராவே முடிவு செய்யும் டிடிஎல்லை நம்பி முக்கால் மணி நேரம் எடுத்தேன். மணப்பெண்ணின் முகம் எல்லாவற்றிலும் மங்கல். 1975இன் ஒலிம்பஸ் ஓஎம்-2 காலத்தில், படம் பதியும்போதே ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியை அளந்து ஃப்ளாஷை நிறுத்தினார்கள். டிஜிட்டல் கேமரா முதலில் சின்னதாக ஒரு மின்னல் அடித்து, திரும்பி வரும் ஒளியைப் பார்த்துத்தான் உண்மையான மின்னலை முடிவு செய்கிறது. கண்ணாடியும் சரிகையும் அந்த முதல் மின்னலை வாங்கித் திருப்பியடித்ததில் கேமரா ஏமாந்துபோயிற்று. போதாக்குறைக்கு அந்த முதல் மின்னலிலேயே கண் சிமிட்டுபவர்கள் வேறு.

மேடையில் வாழ்த்த வருபவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். அங்கே ஃப்ளாஷ் மேனுவல், 1/8 திறன்; முதல் படம் சரியாக இருந்தால் முந்நூறாவதும் சரியாக இருக்கும். தெருவில் மாப்பிள்ளை அழைப்பு என்றால் டிடிஎல்தான். தூரம் இரட்டித்தால் ஒளி கால் பங்காகிவிடும். நாதஸ்வரத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே அந்தக் கணக்கைப் போட என்னால் முடியாது.

மேனுவல் பழக விரும்புபவர்கள் காசிமேட்டுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் போகலாம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், நெரிசலும் குறைவு. நீங்கள் திருகி முடிக்கும்வரை படகு காத்திருக்கும்.