சால்ஸ்பர்க் ஏரி டூர்: மதியம் கிளம்பும் வண்டிக்குப் பணம் கட்டாதீர்கள்

டிசம்பர், ஜனவரியில் ஆஸ்திரியா போகிறவர்கள் கவனத்துக்கு. "பனி ஏரிகள், கிராமங்கள், பனோரமா பஸ்" என்று சால்ஸ்பர்க்கில் விற்கும் அரைநாள் டூர்களில் பலர் ஏமாறுகிறார்கள். சீட்டில் மதியம் 2 மணி என்று இருக்கும். ஒவ்வொரு ஹோட்டலாக ஆள் ஏற்றி ஊரைத் தாண்டவே 3 ஆகிவிடும். டிசம்பர் கடைசியில் அங்கே சூரியன் மறைவது சுமார் 4.20க்கு. ஃபுஷ்ல் ஏரியை மங்கலாகப் பார்க்கலாம். வோல்ஃப்காங் ஏரி வரும்போது ஜன்னலில் தெரிவது உங்கள் முகம்தான்.

பனோரமா பஸ் என்று வந்து நிற்பது கறுப்புக் கண்ணாடி வேனாகவும் இருக்கலாம். ஈரக் கோட்டுகளும் ஹீட்டரும் சேர்ந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். வழியெல்லாம் துடைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். விளம்பரத்தில் இருக்கும் ஷாஃப்பெர்க் மலை ரயில் குளிர்காலத்தில் உச்சிக்கு ஓடாது. அட்வென்ட் சீசன் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரங்கள்) முடிந்தால் ஏரிக் கப்பலும் பெரும்பாலும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், "வானிலையைப் பொறுத்து மாறலாம்" என்ற பொடி எழுத்து வரியைக் காட்டுவார்கள். மூடியிருப்பது வானிலையால் அல்ல, சீசன் முடிந்ததால். கார்டு வங்கியில் புகார் கொடுத்தால் அதைத்தான் எழுத வேண்டும். விளம்பரப் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

டூரில் ஹால்ஷ்டாட் என்ற ஏரிக்கரை ஊரும் உண்டு என்றால், "பஸ்ஸுக்கு எத்தனை மணி ஸ்லாட்?" என்று கேளுங்கள். டூர் பஸ்கள் அங்கே முன்பதிவு செய்தே நிறுத்த முடியும். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

இதே சாலையில் 150ஆம் எண் சாதாரண பஸ் ஓடுகிறது: சால்ஸ்பர்க் ரயில் நிலையம், ஃபுஷ்ல், சாங்க்ட் கில்கன், ஷ்ட்ரோபல், பாட் இஷ்ல். ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். காலை 9 மணிக்குள் ஏறுங்கள். போகும்போது இடப்பக்க ஜன்னல், வரும்போது வலப்பக்கம். அட்வென்ட் சனி, ஞாயிறுகளில் கூட்டம் நெரியும், முதல் நிறுத்தத்திலேயே ஏறினால்தான் ஜன்னல். சாங்க்ட் வோல்ஃப்காங் ஊர் வோல்ஃப்காங் ஏரியின் எதிர்க்கரையில் இருக்கிறது, இந்த பஸ் அங்கே போகாது; ஷ்ட்ரோபலில் மாற வேண்டும்.

பாட் இஷ்லிலிருந்து ஹால்ஷ்டாட்டுக்கு ரயிலில் அரை மணிக்கும் குறைவு. ஆனால் நிலையம் ஒரு கரை, ஊர் மறுகரை. படகுக்குத் தனிச் சீட்டு. மாலைக் கடைசிப் படகுக்குப் பிறகு வரும் ரயிலில் இறங்கினால் இருட்டில் ஊரைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். கிளம்பும் முன் படகு நேரத்தையும் பாருங்கள்.