ஒகேனக்கல் பரிசல்: துடுப்புக்காரர் சொல்வதைக் கேட்பவர்கள் தாராளமாகப் போகலாம்

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். நாலும் துடுப்புப் பிடித்தவருக்கே. ஒன்றை ஏன் குறைத்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் ஒகேனக்கலுக்குக் கூட்டிப் போவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த முறை வந்தது அரிசோனாவில் வேலை பார்க்கும் என் தம்பி குடும்பம்.

சின்னாறு பரிசல் துறையில் ரசீது வாங்கியதும் லைஃப் ஜாக்கெட் தருகிறார்கள். எங்களுக்கு வந்த பரிசல்காரர் ஐம்பதைத் தாண்டியவர். ஒவ்வொருவர் ஜாக்கெட்டையும் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுத்துப் பார்த்தார். சின்னவனுக்கு அது காது வரை ஏறிவிட்டது. "இது தண்ணில தம்பியை விட்டுட்டுத் தனியா மிதக்கும்" என்று சொல்லிவிட்டு, திரும்பப் போய்ச் சின்ன அளவு தேடி எடுத்து வந்தார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்; அவர் காதில் வாங்கவே இல்லை.

அருவிக்குக் கிட்டே போகலாமா என்று தம்பி மனைவி கேட்டாள். "இன்னைக்கு வேணாம்மா. தண்ணி கலரு மாறுது பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். பாறையை ஒட்டிப் பச்சையாக இருந்த நீரில் செம்மண் நிறம் நூல்நூலாகக் கலந்துகொண்டிருந்தது. சருகும் நுரையும் சேர்ந்து வந்தன. தலைக்கு மேலே ஒரு பொட்டு மேகம் கிடையாது.

இங்கே பலருக்குப் புரியாத விஷயம் இதுதான். ஒகேனக்கல்லில் வெயில் அடிப்பதற்கும் ஆற்றில் வெள்ளம் வருவதற்கும் சம்பந்தமே இல்லை. மழை குடகிலும் வயநாட்டிலும் பெய்யும். கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் தண்ணீர் திறப்பார்கள். அது மாநில எல்லையில் இருக்கும் பிலிகுண்டுலுவைத் தாண்டி நம்மிடம் வந்து, குறுகலான பாறை இடுக்கில் நெருக்கியடித்து ஏறும். 2018 ஆகஸ்டில் நீர்வரத்து விநாடிக்கு இரண்டு லட்சம் கனஅடியைத் தொட்டு நின்றபோது அருவி இருந்த இடமே தெரியவில்லை.

தம்பி உடனே அவன் ஊர்க் கதையைச் சொன்னான். அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்று ஒரு மணற்பாறைப் பிளவு, நவஹோ பழங்குடி மக்களின் நிலம். 1997 ஆகஸ்ட் 12 அன்று சில மைல் தள்ளிப் பெய்த மழையின் வெள்ளம் அந்தப் பிளவுக்குள் பாய்ந்து 11 பேரைக் கொண்டுபோனது. பிளவு இருந்த இடத்தில் மழையே பெரிதாக இல்லை. இப்போது நவஹோ வழிகாட்டி இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லையாம். பரிசல்காரர் துடுப்பை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டு, "எந்த ஊரு தண்ணியும் அப்படித்தான் சாமி" என்றார்.

கொத்திக்கல் தாண்டி ஓரிடத்தில் இறக்கிப் பாறைமேல் நடக்க விட்டார். கறுத்து மினுமினுக்கும் பாறையில் கால் வைக்காதே, சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று காய்ந்திருப்பதில் மட்டும் வை என்பது அவர் விதி. விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்கப் போன தம்பி மனைவியைக் கை நீட்டி மறித்தார். உலகின் மிகப் பழைய கார்பனடைட் பாறைகளில் (கார்பனேட் கனிமங்கள் நிறைந்த தீப்பாறை) சில இந்த ஒகேனக்கல் பகுதியில் இருப்பதாகப் புவியியலாளர்கள் சொல்கிறார்கள். நாங்கள் நின்ற பாறையின் வெடிப்புக்குள் பீர் பாட்டில் சில்லு குத்தி நின்றது. அவர் அதை விரலால் நெம்பி எடுத்துப் பரிசலில் கிடந்த டப்பாவில் போட்டார். டப்பா பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வயிறு எரிந்தது எனக்கு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரையில் ஒரு குடும்பம் மொட்டையடித்துத் திதி கொடுத்துக்கொண்டிருந்தது. எங்கள் பெரியவள் போனைத் தூக்கினாள். "அவங்க துக்கத்துல இருக்காங்க கண்ணு, போனை உள்ள வை" என்று மெதுவாகச் சொல்லி, பரிசலை விலக்கி ஓட்டினார். அந்தப் பண்புக்கு எவ்வளவு நட்சத்திரம் கொடுத்தாலும் தகும்.

குறைத்த நட்சத்திரம் கரையில் நடந்ததற்கு. ரசீதுக்கு மேல் கையில் பணம் கேட்டு ஒருவர் விடாமல் பின்தொடர்ந்தார். பெரிய தொகை இல்லை; ஆனால் கட்டணம் கட்டிய பிறகு கேட்பது தப்பு. துடுப்புப் பிடித்தவருக்கு நாங்களாக விரும்பிக் கொடுத்தது வேறு கணக்கு.

போகிறவர்களுக்கு: காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். சித்திரை, வைகாசியில் பதினொரு மணிக்கே பாறை கொதிக்கும், வெறுங்காலில் நிற்க முடியாது. வழுக்காத ரப்பர் செருப்பு, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். ஆடியில் கிளம்பும் முன் நீர்வரத்தும் தடையும் செய்தியில் பாருங்கள். தடை போட்டிருந்தால் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புங்கள், யாரிடமும் கெஞ்சாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை "இன்னும் ஒரு ஆளை ஏத்துங்க" என்று பரிசல்காரரோடு சண்டை போடுகிறவர்களைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு வேண்டுகோள்: அன்றன்றைய நீர்வரத்தைத் தர்மபுரி, பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுகளிலேயே பெரிய எழுத்தில் ஒரு போர்டில் எழுதி வையுங்கள்.