உம் கொட்டச் சொல்லும் பொத்தான்

தெரிந்த பெடியன் ஒருவன். நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞருக்கான பாரிஸ்டர் பரீட்சையில் மூன்று தாளிலும் 75க்கு மேல் எடுத்து, நான்கு வார வகுப்பும் முடித்து, ரீடர் என்ற பயிற்சிக் காலமும் கழிந்து, இப்போது சிட்னியில் தன் பெயரைக் கதவில் ஒட்டியிருக்கிறான். போன வாரம் வாட்ஸப்பில் கேட்டான்: "அண்ணா, நீங்கள் வச்சிருக்கிற சி.பி.டி. வருஷச் சந்தா இருக்கெல்லோ, அதை மூண்டில ஒரு பங்கு விலை குறைச்சுப் போட்டாங்கள். எடுக்கலாமோ?"

சி.பி.டி. என்றால் எங்களைப் போன்ற பாரிஸ்டர்கள் வருஷாவருஷம் எடுத்துப் புள்ளி சேர்க்க வேண்டிய தொடர் தொழிற்கல்வி. எனக்கு முதலில் வந்தது வயிற்றெரிச்சல். மூன்று வாரத்துக்கு முன்னர்தான் முழு விலை கொடுத்துப் புதுப்பித்திருந்தேன். கீழே எழுதுவதை அந்த எரிச்சலையும் கழித்துக்கொண்டு வாசியுங்கள்.

ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை 10 புள்ளி, ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு புள்ளி, நான்கு வகையிலும் குறைந்தது ஒவ்வொன்று. இந்தக் கணக்கு பாரிஸ்டர்கள் கூடியிருக்கும் பிலிப் தெருவில் கோப்பி விற்கிறவருக்கே பாடம், அதனால் விட்டுவிடுகிறேன். நான் 2016 முதல் ஒரே நிறுவனத்தின் சந்தாவில்தான் இருக்கிறேன். பெயர் சொல்லப்போவதில்லை. நேரடி விரிவுரை, பழைய பதிவுகள், வருஷத்தில் ஒரு நேரடிப் பயிற்சிப் பட்டறைக்கு விலைக் கழிவு, இவ்வளவும் ஒரே விலையில். ஒன்பது வருஷத்தில் ஏறக்குறைய நூறு மணித்தியாலம் அவர்களோடு இருந்திருக்கிறேன். மனைவி இதைவிடக் கூடவாகக் கணக்கு வைத்திருக்கிறாள்.

மஞ்சள் பெட்டியைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும்.

பதிவு ஓடிக்கொண்டிருக்கும். 12 நிமிடத்துக்கு ஒருக்கா திரையின் நடுவில், பேசுகிறவரின் முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு மஞ்சள் பெட்டி வரும். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் "ஆம்" பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பதிவு நிற்காது, தொடக்கத்துக்கே போய்விடும். விட்ட இடத்துக்கு இழுத்து வரவும் முடியாது.

எங்கள் வீட்டில் அப்பாச்சி கதை சொல்லும்போது நாங்கள் உம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் "நித்திரையோடா?" என்று கேட்பா. ஆனால் கதையை முதலில் இருந்து தொடங்கமாட்டா. அந்த அளவுக்கு இரக்கம் அவவிடம் இருந்தது.

ஒரு மார்ச் 30 இரவு. ஒன்பது புள்ளி கையில் இருக்கிறது, தொழில் நிர்வாகம் என்ற வகையில் மட்டும் ஒன்றும் இல்லை. அந்த வகையை யாரும் ஆசையாக எடுப்பதில்லை, மார்ச் கடைசியில் எல்லாரும் அங்கேதான் முட்டிக்கொண்டு நிற்பார்கள். பாரிஸ்டர்களுக்கான வரிக்கணக்கு பற்றிய விரிவுரையைப் போட்டேன். 48ஆவது நிமிடத்தில், எங்களுக்கு வழக்குக் கொண்டுவரும் சொலிசிற்றர் ஒருவர் அழைத்தார், மறுநாள் காலை வழக்கு. இரண்டு நிமிடம்தான் கதைத்தேன். திரும்பிப் பார்த்தால் பேச்சாளர் மறுபடியும் "வணக்கம், இன்று வந்திருப்பவர்களுக்கு நன்றி" என்கிறார். அந்த இரவு நான் வரிக்கணக்கை இரண்டு தரம் கேட்டேன். இரண்டாம் தரமும் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை, ஆனால் மஞ்சள் பெட்டி எப்போது வரும் என்பதை மட்டும் செக்கன் கணக்கில் சொல்லுவேன்.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் பக்கமும் ஒன்று இருக்கிறது. புள்ளிக் கணக்கை பார் அசோசியேஷன், அதாவது எங்கள் பாரிஸ்டர் சங்கம், தணிக்கை செய்கிறது. கணினியை ஓட விட்டுவிட்டு மரக்கறி வாங்கப் போகிறவர்கள் எங்கள் தொழிலில் இல்லையென்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. ஏதோ ஒரு காவல் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். விட்ட இடத்தில் நிறுத்தி வைக்கலாமே என்று நான்கு தரம் எழுதினேன். நான்கு தரமும் என் கருத்துக்கு நன்றி சொன்னார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஆளைச் சரிபார்க்கிறவர்கள் சட்டத்தைச் சரிபார்ப்பதில்லை.

2023 டிசம்பரில் பழைய பதிவுகளில் தேடிக்கொண்டிருந்தபோது, குடிவரவுத் தடுப்புக்காவல் பற்றி முந்தைய ஆண்டு எடுத்த விரிவுரை ஒன்று கண்ணில் பட்டது. நல்ல பேச்சாளர், வடிவாக விளக்குகிறார். நாடு கடத்த இடமே இல்லாத ஒருவரையும் காலவரையின்றித் தடுத்து வைக்கலாம் என்ற 2004ஆம் ஆண்டின் அல்-கட்டெப் தீர்ப்புத்தான் நடப்புச் சட்டம் என்கிறார். அவர் பேசிய நாளில் அது சரி. நான்குக்கு மூன்று என்று வந்த தீர்ப்பு, 19 வருஷம் உயிரோடு இருந்தது. ஆனால் 2023 நவம்பர் 8ஆம் தேதி என்.இசட்.வை.கியூ. (வழக்காளியின் பெயரை மறைக்க வைத்த எழுத்துகள்) வழக்கில், ஆஸ்திரேலியாவில் எல்லாவற்றுக்கும் மேலான உயர் நீதிமன்றம் அதைப் புதைத்துவிட்டது. வழக்காளி ரோஹிங்கியர் ஒருவர், எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாதவர். எதிர்பார்க்கக்கூடிய காலத்துக்குள் அவரை வெளியேற்ற மெய்யான வாய்ப்பு ஏதும் இல்லாதபோது தொடர்ந்து அடைத்து வைப்பது தண்டனை, தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை, அமைச்சரின் வேலையல்ல என்று போனது வழக்கு. அதற்குப் பிறகும் அந்தப் பழைய விரிவுரை அப்படியே கிடந்தது, ஒரு எச்சரிக்கை வரிகூட இல்லை. முழுதும் பார்த்து, ஐந்து தரம் உம் கொட்டினால் ஒரு புள்ளி. செத்த சட்டத்துக்கும் உயிருள்ள சட்டத்துக்கும் ஒரே விலை. எழுதிச் சொன்னேன். அடுத்த ஏப்ரல் வரை எடுக்கவில்லை.

இதே நிறுவனந்தான் அந்த நவம்பரில் எனக்குப் பெரிய உதவியும் செய்தது. அதையும் சொல்லாமல் விட்டால் பாவம்.

நவம்பர் 8இல் நீதிமன்றம் கட்டளையை மட்டும் அறிவித்தது. அந்தத் தீர்ப்புக்கான காரணங்கள் 28ஆம் தேதிதான் வந்தன. இடைப்பட்ட 20 நாளும் எங்களைப் போன்றவர்களுக்கு இருட்டறை. என் மேசையிலும் தடுப்புக்காவல் கோப்பு ஒன்று இருந்தது, சொலிசிற்றர் நாளுக்கு மூன்று தரம் அழைக்கிறார். அந்த இடைவெளியில், கட்டளை வந்து ஒரு வாரத்துக்குள், மாலை நேர விரிவுரை ஒன்று வைத்தார்கள். பேச வந்தவர் கட்டளையை வரிவரியாக வாசித்தார். எந்த வரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று காட்டினார். காரணங்கள் எப்படி இருக்கும் என்று யாரோ கேட்டதற்கு, தனக்குத் தெரியாது, ஊகிக்கவும் மாட்டேன் என்றார். பிறகு நாளைக் காலையில் எந்தப் பத்திரத்தைத் தாக்கல் செய்யலாம், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்பதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்கினார். ஒன்பது வருஷத்தில் நான் எழுந்து தேத்தண்ணீர்கூடப் போடாமல் கேட்ட விரிவுரை அது ஒன்றுதான். நேரடி என்பதால் மஞ்சள் பெட்டியும் இல்லை.

அந்தத் தீர்ப்பால் வெளியே வந்தவர்களுக்குப் பாராளுமன்றம் அவசரமாக ஊரடங்கையும் காலில் கட்டும் கண்காணிப்புக் கருவியையும் கொண்டுவந்தது, அதையும் 2024 நவம்பரில் வை.பி.எஃப்.இசட். வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் தண்டனைதான் என்று சொல்லி அடித்துவிட்டார்கள். அதற்கும் அதே பேச்சாளரைக் கூப்பிட்டார்கள். ஆளைத் தெரிந்தெடுக்கத் தெரிந்த யாரோ ஒருவர் அந்த அலுவலகத்தில் இருக்கிறார். பதிவுகளைக் கவனிக்கிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு பற்றி வந்த விரிவுரைகளை எண்ணவே முடியாது. நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றத்தின் நடைமுறைக் குறிப்பு 2025 பெப்ரவரி 3 முதல் நடைமுறைக்கு வந்தது. சத்தியக் கடதாசியையும் சாட்சி வாக்குமூலத்தையும் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதாதே, எழுத்து வாதத்தில் காட்டும் வழக்குகள் மெய்யாக உள்ளவைதானா என்று நீயே பார். என் தேவைக்கு இவ்வளவும் போதும். இதை ஒரு மணித்தியாலம் இழுக்கத் தனித் திறமை வேண்டும்.

இனிப் பட்டறை.

சந்தாவோடு வரும் கழிவைப் பல வருஷம் வீணாக்கினேன். குறுக்கு விசாரணையை யாராவது சொல்லித்தர முடியுமா, நின்று நின்றுதானே பழக வேண்டும் என்ற எண்ணம். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு சனி ஞாயிறு, வேறு வேலை இல்லாததால் போனேன்.

விக்டோரியாவில் நீதிபதியாக இருந்த ஜோர்ஜ் ஹம்பெலின் பெயரால் வழங்கும் முறையில் நடத்தினார்கள். லண்டனில் உள்ள பாரிஸ்டர் சங்கங்களான இன்ஸ் ஆஃப் கோர்ட்டிலும் இதைத்தான் பாவிக்கிறார்கள். சில நிமிடம் குறுக்கு விசாரணை செய்ய விடுவார்கள், பிறகு நிறுத்துவார்கள். பயிற்றுநர் பத்துக் குறை சொல்லமாட்டார், ஒன்றே ஒன்று. அந்தக் குறைக்கு ஒரு தலைப்பு. அடுத்து, நீ சொன்னதை உன் சொல்லிலேயே திருப்பி வாசிப்பார். அது ஏன் பிழை, எப்படித் திருத்துவது, தானே செய்து ஒருக்கா காட்டுவது, கடைசியில் நீ மறுபடி செய்வது.

என் தலைப்பு: "சாட்சிக்குத் தலையாட்டுகிறீர்கள்."

எனக்கு விளங்கவில்லை. பயிற்றுநராக வந்த அம்மா தன் குறிப்பேட்டைப் பார்த்து வாசித்தார். என் கேள்வி, சாட்சியின் பதில், நான் "ரைட்". அடுத்த கேள்வி, பதில், "ரைட்". எட்டு நிமிடத்தில் 19 "ரைட்". அதற்குள் காரோட்டியாக நடித்த சட்ட மாணவி, வாகனத்தைத் திருப்பிய பிறகுதான் விளக்கைப் பார்த்தேன் என்று சொல்லியிருக்கிறாள். முழு வழக்கும் அந்த ஒரு பதிலில் கிடக்கிறது. நான் அதற்கும் "ரைட்" சொல்லிவிட்டு, தாளில் எழுதி வைத்திருந்த அடுத்த கேள்விக்குப் போயிருக்கிறேன்.

அந்த அம்மா சொன்ன காரணம் எளிது. "ரைட்" என்பதும் பதிவேட்டில் ஏறும். எதிர்த்தரப்புச் சாட்சி சொன்ன பொய்யையும் நான் ஏற்றுக்கொண்டதுபோல ஜூரிக்குக் கேட்கும். அதைவிட, அந்தச் சொல் வாயில் இருக்கும்போது காது மூடிக்கொள்கிறது. பதில் வந்தால் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் மூன்று எண்ணுங்கள் என்றார்.

மூன்று எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். அப்பாச்சியின் காலடியில் பழகிய வாய். எதிரே ஒருவர் கதை சொல்ல, உம் கொட்டாமல் நிற்பது எங்கள் ஆட்களுக்கு மரியாதைக் குறைவு. இரண்டாம் தரம் செய்தபோது ஏழு தரம் வந்தது. பக்கத்து அறையில் அதை வீடியோவில் போட்டுக் காட்டினார்கள். தலையும் ஆடியிருக்கிறது.

இப்போதும் நீதிமன்றத்தில் மேசையின் கீழ் பெருவிரலால் மூன்று எண்ணுகிறேன். போன வருஷம் மாவட்ட நீதிமன்றத்தில் அந்த மூன்று எண்ணும் இடைவெளியில், முடித்துவிட்டதாக நான் நினைத்த சாட்சி தானாகவே இன்னொரு வசனம் சேர்த்தார். வழக்கு அதில்தான் திரும்பியது.

விரிவுரைகள் எனக்கு இதில் பாதிகூடச் செய்யவில்லை. 1893ஆம் ஆண்டின் பிரவுண் எதிர் டன் விதியை, அதாவது சாட்சிக்கு முரணாக ஆதாரம் கொண்டுவரப் போகிறாய் என்றால் முதலில் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிக் கேள் என்பதை, ஆறு விரிவுரையில் கேட்டிருக்கிறேன். ஆறு புள்ளி. அதன் பிறகும் ஒரு வழக்கில் கேட்க மறந்தேன். எதிர்த்தரப்பு சாட்சியச் சட்டம் 46ஆம் பிரிவைக் காட்டிச் சாட்சியைத் திரும்ப அழைத்தது. அந்த மத்தியானம் நீதவான் என்னைப் பார்த்த பார்வைக்குப் புள்ளி ஏதும் தரவில்லை.

பெடியனுக்கு எழுதிய பதில் இதுதான்: "சந்தா எடுக்காதை. பட்டறைக்கு மட்டும் முழுக் காசு கட்டிப் போ. மற்ற புள்ளியளுக்கு பார் அசோசியேஷன் வைக்கிற கூட்டங்கள் காணும்." அந்த நவம்பர் விரிவுரையைப் பற்றி எழுதத் தொடங்கி, அழித்துவிட்டேன். அப்படி இன்னொரு தீர்ப்பு வந்தால் என் கடவுச்சொல்லைத் தருகிறேன் என்று எழுதி, அதையும் அவசரமாக அழித்தேன். ஒழுக்கநெறி வகையிலும் எனக்கு வருஷம் ஒரு புள்ளி இருக்கிறது.

பட்டறைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: மார்ச்சில் போகாதீர்கள். புள்ளிக்கு வந்த கூட்டம் கோப்பை வாசிக்காமல் வந்திருக்கும். சாட்சியாக நடிக்கும் மாணவர்கள்தான் முழுதும் வாசித்துவிட்டு வருவார்கள், பிறகு அவர்களே உங்களைக் குறுக்கு விசாரணை செய்யும் நிலை வரும். ஜூன், ஜூலையில் போங்கள். மற்றவர்களின் முறை நடக்கும்போது வெளியே போய் மின்னஞ்சல் பார்க்காதீர்கள், எனக்குப் பாதிப் பாடம் அங்கேதான் கிடைத்தது.

இதை எழுதி முடிக்க நான்கு நாளாகிவிட்டது. அதற்குள் அவன் குறைந்த விலையில் சந்தா எடுத்துவிட்டான். நேற்றிரவு தகவல் வந்தது: "அண்ணா, இந்த மஞ்சள் பெட்டி எத்தினை நிமிசத்துக்கு ஒருக்கா வரும்?"