உரசிக் கிழிப்பதா, சுழற்றி விரிப்பதா?

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தின் ஜுவலில் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், மேலே கண்ணாடித் திரைபோல் தொடங்கி, வழியில் நார்நாராகப் பிரிந்து சாரலாகிறது. ராக்கெட் எஞ்சினின் எரியறைக்குள் எரிபொருளையும் ஆக்சிஜனையும் பீய்ச்சும் இன்ஜெக்டர் இதே வேலையைச் சில சென்டிமீட்டருக்குள் முடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் எரிபொருளில் கொஞ்சம் எரியாமலே வெளியே போய்விடும்.

மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவ ஆக்சிஜனை உடைக்க இரண்டு வழிகள் போட்டியில் நிற்கின்றன.

முதலாவது உரசல். நடுக்குழாயில் ஆக்சிஜன் நொடிக்கு 10 முதல் 30 மீட்டர் வேகத்தில் சாவகாசமாக வரும். அதைச் சுற்றியுள்ள வளைய இடைவெளியில் ஹைட்ரஜன் வாயு சில நூறு மீட்டர் வேகத்தில் பாயும். ஜுவலில் நீர் ஓட, காற்று நிற்கிறது, இங்கே தலைகீழ். திரவத்தின் மேல் அலைகள் எழுந்து, நாராக இழுபட்டு, அறுகின்றன. அமைப்பு எளிது. ஆனால் வேக வித்தியாசம்தான் இதற்கு உயிர். ஹைட்ரஜன் அதிகம் குளிர்ந்து அடர்த்தியானால் அதன் வேகம் குறைந்து, எரிப்பு தடுமாறத் தொடங்கும்.

இரண்டாவது சுழல். பக்கவாட்டுத் துளைகள் வழியே நுழையும் ஆக்சிஜன் சுழன்று, குழாய்ச் சுவரை ஒட்டி மெல்லிய படலமாகி, வாயைத் தாண்டியதும் குடைபோல் விரிந்து உடைகிறது. வாயுவின் தயவு அவ்வளவாகத் தேவையில்லை. ரஷ்யப் பொறியாளர்களுக்கு நெடுங்காலமாகப் பிடித்த முறை இது. குடை அதிகம் விரிந்தால் எரியறையின் சுவரைச் சுட்டுவிடும், அதுதான் தொல்லை.

தாரைகளை மோதவிடும் மூன்றாவது வழியும் உண்டு. நிலவுப் பயண ராக்கெட்டான சாட்டர்ன் 5இன் எஃப்-1 எஞ்சினில் அதைப் பழக்கி அடக்க ஏறக்குறைய 2,000 சோதனைகள் ஆயின. சரி, அதை விட்டுவிடுவோம்.

துளி எவ்வளவு சிறியது என்று மட்டும் பார்க்கும் ஒப்பீடுகளை நான் நம்புவதில்லை. ஆக்சிஜனின் மாறுநிலை அழுத்தம், அதாவது திரவம், வாயு என்ற வேறுபாடு மறையத் தொடங்கும் அழுத்தம், சுமார் 50 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). நம் சிங்கப்பூர்ச் செயற்கைக்கோள் டெலியோஸ்-2 2023இல் ஏறிப்போன இந்திய ராக்கெட் பிஎஸ்எல்வியில், இப்படிக் கடுங்குளிர்த் திரவங்களை எரிக்கும் கிரையோஜெனிக் எஞ்சினே கிடையாது. அதன் அண்ணன் எல்விஎம்3 ராக்கெட்டில் இருக்கும் சிஇ-20 அப்படிப்பட்ட எஞ்சின்; தமிழ்நாட்டின் மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டது, சுமார் 60 பாரில் எரிகிறது. அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் சூடேறும்போது பரப்பு இழுவிசை கிட்டத்தட்ட மறைந்துவிடும். உருண்டு திரளத் துளி ஏது? ஜெர்மனியின் லாம்போல்ட்ஸ்ஹவுசன் ராக்கெட் சோதனை மையத்தில் 1990களில் எடுத்த படங்களில், துளிகளுக்குப் பதில் வாயுவில் கரையும் நூலிழைகளே தெரிந்தன. ஆகவே அங்கே அளக்க வேண்டியது நடுத்தண்டின் நீளம்: அடர்த்தியான ஆக்சிஜன் கலையாமல் எவ்வளவு தூரம் போகிறது என்பது.

எஞ்சினைப் பற்றவைக்கும் நொடிகளில் மட்டும் அழுத்தம் 50ஐத் தொட்டிருக்காது. அப்போது துளிக்கணக்கு மீண்டும் வந்துவிடும். உரசலைவிடச் சுழல் அங்கே ஒரு படி மேல். மொத்தத்தில், எரிபொருள் ஹைட்ரஜன் என்றால் உரசலே போதும் என்பேன். மீத்தேனுக்கு அந்த வேகம் வாய்ப்பதில்லை, அதனால் சுழல்.