செப்டம்பர் 22-க்கு இரவல் வாங்கிய மடக்கு சைக்கிள்

செப்டம்பர் 22 உலகக் கார் இல்லா நாள். எங்கள் அலுவலகத்தில் வருடா வருடம் அன்று காரை வீட்டில் விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். நான்கு வருடமாக நான் காரில்தான் போனேன். விருப்பம் இல்லாமல் இல்லை. வீட்டிலிருந்து ரயில் நிலையம் மூன்று கிலோமீட்டர், இறங்கிய பிறகு அலுவலகம் இன்னொரு இரண்டரை. நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் நடையிலேயே போய்விடும். இந்த வருடம் வெறும் அறிவிப்போடு நிற்காமல், கேட்டவர்களுக்கு ஒரு வாரம் மடக்கு சைக்கிள் இரவல் கொடுத்தார்கள். 22-ஆம் தேதிக்கு ஐந்து நாள் முன்பே வாங்கிக்கொண்டேன்.

20 அங்குலச் சக்கரம், ஏழு கியர், எடை 12 கிலோ. சின்னச் சக்கரம், ஓயாமல் மிதிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. பெடலோடு சுற்றும் பல்சக்கரத்தில் 52 பல் வைத்து அந்தக் குறையை ஈடுகட்டியிருக்கிறார்கள். சமதளத்தில் நன்றாகவே ஓடுகிறது. குழி வந்தால்தான் வித்தியாசம் தெரியும்: பெரிய சக்கரம் தாண்டிப் போகிற இடத்தில் இது இறங்கி ஏறும். முதல் நாள் டயரில் கல் மாதிரி காற்றடித்துவிட்டு மணிக்கட்டு வலியோடு போய்ச் சேர்ந்தேன். மறுநாள் கொஞ்சம் இறக்கினேன், சரியாகிவிட்டது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு நீளமானது, இழுத்தால் ஆடுகிறது. கியரைக் குறைத்து உட்கார்ந்தபடியே ஏறினால் போதும்.

மடிப்பதில்தான் இதன் அருமை இருக்கிறது. சீட்டை இறக்கு, ஹேண்டிலைச் சாய், நடுக் கீலைத் திறந்து மடி. சக்கரங்கள் இரண்டும் ஒரு காந்தத்தில் ஒட்டிக்கொள்கின்றன. முதலில் எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. வீட்டுக் கூடத்தில் பழகிப் பழகி, வாரக் கடைசியில் அரை நிமிடம். விரித்த பிறகு நடுக் கீலிலும் ஹேண்டில் தண்டிலும் உள்ள இரண்டு பூட்டும் முழுதாக விழுந்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்காமல் ஏறவே கூடாது.

குறை ஒன்று உண்டு. மடித்தபின் செயின் வெளிப்பக்கம் நிற்கிறது. படிக்கட்டில் தூக்கும்போது என் பேண்டில் எண்ணெய்க் கறை. ஒரு துணிப் பட்டை வாங்கிச் செயின்மேல் சுற்றிக் கட்டினேன், தொல்லை தீர்ந்தது. ரயிலில் கதவருகே வைத்தால் எல்லோருக்கும் இடைஞ்சல் என்பதால் கூட்டத்துக்கு முந்தைய ரயிலைப் பிடித்தேன். உங்கள் ரயிலில் எந்த நேரத்தில் அனுமதி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் நாள் இருபது நிமிடம் தாமதம். மூன்றாம் நாள் காரில் வருகிற அதே நேரத்துக்கு வந்துவிட்டேன். 22-ஆம் தேதி மட்டும் கொடுத்திருந்தால் அந்த இருபது நிமிடத்தோடு இதை வெறுத்திருப்பேன். அதனால் அலுவலகங்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு நாளுக்கு அழையுங்கள், பழக ஒரு வாரம் கொடுங்கள். சட்டை மாற்றிக்கொள்ள ஓர் இடமும் வேண்டும்.

ஒரு நாளால் என்ன ஆகிவிடும் என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். பிரான்ஸின் லா ரோஷெல் நகரம் 1997-இல் ஒரே ஒரு நாள் கார் இல்லாமல் இருந்து பார்த்தது. அடுத்த வருடம் செப்டம்பர் 22 அன்று அந்த நாட்டில் 35 ஊர்கள் சேர்ந்துகொண்டன. கொலம்பியாவின் போகோட்டாவில் 2000 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, வேலை நாளிலேயே, சொந்தக் கார்களை நிறுத்தினார்கள். அக்டோபரில் வாக்கெடுப்பு வைத்தபோது, வருடா வருடம் வேண்டும் என்று மக்களே சொன்னார்கள். இதை அவரிடம் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. சைக்கிளை ஒரு முறை மடித்துக் காட்டச் சொன்னார்.

திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கப் போனபோது இரவல் பட்டியலில் அடுத்த பெயர் அவருடையது. துணிப் பட்டையையும் அவரிடமே கொடுத்துவிட்டேன்.