பேஸ் கிற்றார் வாசிக்க ஆளில்லையா? இருக்கிற வழிகளில் எது தேறும்

"மச்சான், 14ஆம் திகதி ஃப்ரீயா?" என்று எனக்கு வரும் வட்ஸ்அப் செய்திகளில் பாதி, நான் நன்றாக வாசிக்கிறேன் என்பதற்காக வருவதில்லை. கேட்கிறவர் ஏற்கெனவே இரண்டு மூன்று பேரிடம் கேட்டு, அவர்கள் எல்லோரும் அன்றைக்கு வேறு இசைக்குழுவோடு வேறு ஹோலில் நிற்பதாகச் சொன்ன பிறகுதான் என் பெயர் ஞாபகத்துக்கு வந்திருக்கும். கோபம் ஒன்றும் இல்லை. வெள்ளவத்தையில் தடுக்கி விழுந்தால் ஒரு லீட் கிற்றார்காரன் மேல்தான் விழ வேண்டும், அவ்வளவு பேர் இருக்கிறார்கள். பேஸ், அதாவது கீழ்ச்சுரத்துக்கான நான்கு கம்பிக் கிற்றார், வாசிக்கிறவனைத் தேடினாலோ தெஹிவளையில் தொடங்கி கொட்டாஞ்சேனை, வத்தளை என்று போன் போட்டுக்கொண்டே போக வேண்டும். இந்தத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கக் குழுக்கள் செய்கிற வேலைகளை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், சிலவற்றில் நானும் கூட்டு. எது தேறும், எது தேறாது என்று எழுதி வைக்கலாம்போல இருந்தது.

முதலில் தட்டுப்பாடு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஓ.எல். சோதனை முடிந்த கையோடு கிற்றார் வாங்கித் தா என்று வீட்டில் அடம் பிடிக்கிற பெடியன்கள் எத்தனையோ பேர். பேஸ் வாங்கித் தா என்று அழுத ஒருவனை நான் இன்னும் காணவில்லை. அவன் அழாததற்குக் காரணம், அவன் பேஸைச் சரியாகக் கேட்டதே இல்லை. எல்லாப் பாட்டையும் போனில் கேட்கிறான். பேஸ் கிற்றாரின் தடித்த கம்பியை விரல் வைக்காமல் தட்டினால் 41 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 41 அதிர்வு. சாதாரணக் கிற்றாரின் தடித்த கம்பி 82. போனுக்குள் இருக்கிற நகம் அளவு ஸ்பீக்கரில் சில நூறு ஹேர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாக ஒன்றும் வராது. ஒருநாள் ஹோலில் பெரிய ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று நெஞ்சு அதிர்ந்தாலும், அதை ட்ரம்ஸ் என்றுதான் நினைத்துக்கொள்வான்.

இது கொழும்பு வியாதி மட்டும் இல்லை. 1961இல் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் ஹம்பர்க்கிலேயே தங்கிவிட, பீட்டில்ஸ் குழுவில் இனி பேஸ் யார் என்ற கேள்வி வந்தபோது அது பொல் மக்கார்ட்னியின் தலையில்தான் விழுந்தது, ஆசைப்பட்டு எடுத்தது இல்லை. நம் ஊரில் இதோடு பஞ்சாங்கமும் சேர்ந்துகொள்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். ஆவணியிலும் தையிலும் ஐயர்மார் குறித்துக் கொடுக்கிற நல்ல நாள், ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் ஒரே நாளாகத்தான் இருக்கும். காலி வீதியின் இரண்டு பக்கமும் ஒரே மாலையில் ரிசெப்ஷன், எல்லா மேடைக்கும் ஒரு பேஸ் வேண்டும். சரி, மார்கழியிலாவது ஆள் கிடைப்பான் என்று பார்த்தால் அது கரோல் காலம். எனக்குத் தெரிந்த நல்ல பேஸ்காரர் பலர் தேவாலயத்தில் வாசித்துப் பழகியவர்கள், டிசம்பரில் அவர்களைப் பிடிக்கவே முடியாது.

ஆகவே ஆள் இல்லை. காசு கொடுத்து ஒருவரைப் பிடிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. வருகிறவர் கைதேர்ந்தவராக இருந்தால் ப்ரக்டிஸ் இல்லாமலே ஷோ ஓடிவிடும். எப்படி ஓடுகிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள்: அவர் கூட்டத்தைப் பார்க்கமாட்டார், பாடகியையும் பார்க்கமாட்டார், இரண்டு மணி நேரமும் கண் ரிதம் கிற்றார்காரனின் இடது கையிலேயே இருக்கும். அந்தக் கை எந்தக் கோர்டுக்கு (சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்கள்) போகிறதோ, அதற்குப் பேர் தருகிற அடிச்சுரத்தைக் கொஞ்சமும் பிந்தாமல் தட்டுவார். பெரிய வித்தைதான். ஆனால் அது அடிச்சுரம் மட்டும், பாட்டில் இருக்கிற பேஸ் இல்லை. இளையராஜா பாட்டென்றால் குட்டு உடனே வெளிப்பட்டுவிடும், ஏனென்றால் அவருடைய பாட்டுகளில் பேஸ் கோர்டின் காலடியில் படுத்துக் கிடப்பதில்லை, தனக்கென்று ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும். அந்தப் பாட்டுகளைக் கசெட் தேயக் கேட்டு வளர்ந்த ஒரு மாமாவாவது முன்வரிசையில் இருப்பார், என்னவோ குறைகிறது என்று முகத்தைச் சுளிப்பார், என்ன குறை என்று அவருக்கும் சொல்லத் தெரியாது. வந்தவரைக் குறை சொல்லியும் பயனில்லை, ஒரே வாரத்தில் நான்கு குழுவின் நான்கு பட்டியலை ஒரு மனிதன் எப்படிப் பாடமாக்குவது? அடுத்த மாதம் வேறு ஆள் வருவார், மறுபடியும் முதலிலிருந்து.

அடுத்தது கீபோர்ட்காரரின் இடது கை. இப்படிச் செய்து பேர் எடுத்தவர்கள் உண்டு. டோர்ஸ் குழுவில் ரே மன்சரெக் மேடையில் வலது கையால் ஓர்கனும் இடது கையால் பேஸும் வாசித்தார். அதே குழு ரெக்கோர்டிங்குக்குப் போனபோது பல பாட்டுகளுக்கு வெளியிலிருந்து பேஸ் வாசிக்க ஆள் எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஆட்களின் இடது கை பெரும்பாலும் பேஸ் வாசிப்பதே இல்லை. ஸ்டைலை, அதாவது கீபோர்டில் ஏற்றி வைத்த தாளத்தை, ஓட விட்டு, கோர்டைப் பிடித்தால், பேஸை மிஷின் போட்டுக்கொள்ளும். அது நேரம் தவறாது, களைக்காது, சாப்பாட்டுப் பார்சலும் கேட்காது. மெல்லிசைப் பாட்டு பத்துக்கு இது போதும் என்றே சொல்வேன். ஆனால் மிஷின் கோர்டின் அடிச்சுரத்தையே சுற்றிச் சுற்றி வரும். வேறு சுரத்தைப் பிடித்துக் கொடுக்கிற வசதி பல கீபோர்ட்களில் இருக்கிறது, அதைத் தேடிப் போட்டு வாசிக்கிறவர்களைத்தான் காணோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றால் பேஸ் செய்கிற வேலை என்னவென்று விளங்கும். கிற்றாரில் சி மேஜர் பிடியுங்கள்: சி, ஈ, ஜி. கீழே பேஸும் சி தட்டினால் அது சி மேஜர்தான், வெயில் அடிக்கிற மாதிரி இருக்கும். கிற்றார் அப்படியே இருக்க, பேஸ்காரன் மட்டும் ஏ தட்டட்டும். முழுக் குழுவும் இப்போது ஏ மைனர் செவன்த்தில் நிற்கிறது, பாட்டின் முகம் வாடிவிட்டது, கிற்றார்காரன் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. மேலே இருக்கிறவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்பதைக் கீழே இருக்கிறவன் தீர்மானிக்கிறான். லீட்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள், நானும் ஒரு காலத்தில் நம்பவில்லை.

முன்பே பதிவு செய்த ட்ராக் போட்டு ஓட்டுவதைப் பற்றி எனக்கு நடுநிலையாக எழுத வராது. ஒரு ரிசெப்ஷன். பேஸ்காரர் கடைசி நேரத்தில் வராமல் விட, லப்டொப்பில் பேஸ் ட்ராக், ட்ரம்ஸ்காரர் காதில் அதோடு நேரம் பிடிக்க க்ளிக் சத்தம். முதல் நான்கு பாட்டு நன்றாகத்தான் போனது. ஐந்தாவதில் மாப்பிள்ளையின் பெரியம்மா பரிசுப் பொதியோடு மேடைப் படியேற, பாடகர் மரியாதைக்காகப் பல்லவியை இன்னொரு தரம் எடுத்தார். ட்ராக்குக்குப் பெரியம்மாவைத் தெரியாது, அது சரணத்துக்குப் போய்விட்டது. நாங்கள் ஒரு கோர்டில், பேஸ் இன்னொரு கோர்டில், பெரியம்மா சிரித்த முகத்தோடு போட்டோவுக்கு நிற்கிறார். தாங்க முடியாமல் நான் லப்டொப்பை மூடினேன். அப்போது வந்த வெறுமை இருக்கிறதே, நின்றுகொண்டிருந்த பலகையைக் காலுக்குக் கீழிருந்து உருவினமாதிரி. பிறகு அந்தக் குழு ட்ராக்கைத் தொடவில்லை. மேடையில் எல்லாம் நிமிடக் கணக்கில் நடக்கும் என்றால், அதாவது பாடசாலை விழா, டான்ஸ் ஷோ மாதிரி, அதற்கு ட்ராக் சரி. கல்யாண வீட்டுக்குச் சரிவராது.

சுரத்தை ஒரு ஸ்தாயி இறக்குகிற ஆக்டேவ் பெடல் போட்டுக் கிற்றாரையே பேஸ் ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வைட் ஸ்ட்ரைப்ஸ் பேஸ் இல்லாமல் இரண்டே பேராக உலகம் சுற்றிய குழு, அவர்களுடைய மிகப் பெரிய ஹிட்டில் பேஸ் என்று எல்லோரும் நினைப்பது பெடல் வழியாக வந்த கிற்றார்தான். ஒற்றை ஒற்றைச் சுரமாக வாசிக்கிறவரை பெடல் அழகு. கோர்ட் அடித்தால் பல பெடல்கள் குழம்பிப்போய்க் கத்தும். அப்புறம், கிற்றார் அடிக்கிற நேரம் பேஸ் இல்லை, பேஸ் அடிக்கிற நேரம் கிற்றார் இல்லை. போகட்டும். மூன்று பேர் கஃபேயில் உட்கார்ந்து மெதுவாகப் பாடுவதற்குப் பேஸே தேவையில்லை, பெடலுக்கு ஏன் செலவு?

இவை எல்லாம் சந்திக்கு வருவது சாப்பாடு முடிந்து பைலா தொடங்கும்போதுதான். கொழும்பில் தமிழ்க் கல்யாணமாக இருந்தாலும் கடைசியில் பைலா இல்லாமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. போர்த்துக்கீசர் காலத்து ஆட்டம், ஆறு தட்டுத் தாளம், பாட்டோடு பாட்டை ஒட்டி அரை மணி நேரம் நிறுத்தாமல் போகும். எந்தப் பாட்டு அடுத்தது என்பது பட்டியலில் இருக்காது, ஆடுகிறவர்களைப் பார்த்துப் பாடகர் தாவுவார். கூட்டம் சூடாகச் சூடாக ட்ரம்ஸ்காரர் தன்னையறியாமல் கொஞ்சம் வேகம் பிடிப்பார், நல்ல பேஸ்காரன் அவரோடு ஓடமாட்டான், ஒட்டிக்கொண்டே மெதுவாகப் பிடித்து இழுப்பான். கிக், அதாவது காலால் அடிக்கிற பெரிய ட்ரம், விழுகிற அதே கணத்தில் பேஸ் விழுந்தால் இரண்டும் சேர்ந்து ஒரே சத்தம், கால் தானாக எழும்பும். ஸ்டைலில் ஏற்றி வைத்த பைலாவும் ஓடும், ஆனால் அது யாரையும் பார்க்காது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் மூன்றாவது பாட்டில் கதிரைக்குத் திரும்புவதை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே என் வோட்டு கடைசி வழிக்கு: குழுவில் இருக்கிற இரண்டாவது கிற்றார்காரனைப் பேஸுக்கு மாற்றுங்கள். அநேகக் குழுக்களில் இரண்டு கிற்றாரும் ஒரே கோர்டைத்தான் அடித்துக்கொண்டிருக்கும், ஒன்று போனால் யாருக்கும் தெரியாது. 1951இல் கிற்றார் செய்கிற லியோ ஃபெண்டர் ப்ரிசிஷன் (துல்லியம்) பேஸைச் செய்தபோது கிற்றார்காரர்களும் எடுத்து வாசிக்கட்டும் என்பதும் யோசனையில் இருந்தது. கழுத்தில் ஃபிரெட், அதாவது குறுக்குக் கட்டைகள், இருப்பதால் சுரம் பிசகாமல் விழும், பேரும் அதனால்தான். நான்கு கம்பியும் கிற்றாரின் தடித்த நான்கு கம்பிகளின் அதே சுரங்கள், ஒரு ஸ்தாயி கீழே. அடிச்சுரம் மட்டும் தட்டுவதற்கு ஒரு மாதம் போதும்.

பிழை நடப்பது ஆளைத் தெரிவு செய்வதில். நானும் இப்படி மாற்றப்பட்டவன்தான், என்னை ஏன் மாற்றினார்கள் தெரியுமா? இரண்டு பேரில் நான்தான் மட்டம். ஊரில் எல்லாக் குழுவும் இப்படித்தான் செய்கிறது: யார் சுமாரோ அவன் கையில் பேஸைக் கொடு, எப்படியும் கேட்காதுதானே. அவன் அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு ஆறு மாதத்தில் குழுவை விட்டுப் போவான், குழு மறுபடியும் ஆள் தேடும். பேஸ்காரர் தட்டுப்பாட்டில் பாதி நாங்களே உண்டாக்கினது என்று நான் நினைப்பது இதனால்தான். நான் போகாமல் இருந்தது பிடிவாதத்தில், திறமையில் இல்லை.

கொடுப்பதென்றால், கிக்குக்குக் கால் தட்டுகிறவனிடம் கொடுங்கள். இரண்டு வரிக்கு நடுவில் இடைவெளி கிடைத்ததும் அதை நிரப்பத் துடிக்கிறவன் வேண்டாம், அவன் எவ்வளவு வேகமாக வாசித்தாலும் வேண்டாம். ஏனென்றால் கஷ்டம் சுரத்தைத் தட்டுவதில் இல்லை, நிறுத்துவதில் இருக்கிறது. தடித்த கம்பி தட்டினால் நெடுநேரம் இரையும். இடது கை விரலைக் கொஞ்சம் தளர்த்தி, வலது கைப் பெருவிரலைப் பக்கத்துக் கம்பியில் சாய்த்து, ஸ்னேர் ட்ரம் விழுகிற இடத்தில் அதை அமர்த்த வேண்டும். அமர்த்தாவிட்டால் ஹோல் முழுவதும் குளவிக்கூடு கலைந்தமாதிரி இருக்கும். எனக்கு இது பிடிபட இரண்டு வருடம் சென்றது.

செலவையும் மறைக்கக் கூடாது. பேஸைச் சின்னக் கிற்றார் ஆம்பில் போட்டுச் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் கிழியும், ஒன்றைக் கிழித்துப் பழகியவன் சொல்கிறேன். ஆம்ப் இல்லையென்றால் டி.ஐ. பெட்டி (கிற்றாரை நேரே மிக்சரில் இணைக்கிற சின்னப் பெட்டி) வழியாக நேரே சவுண்ட்காரருக்குக் கொடுங்கள். கம்பி விலை கிற்றார்க் கம்பியைப்போலப் பல மடங்கு, 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறின பிறகு அதைக் கேட்கவே வேண்டாம். கடற்கரை ஒழுங்கைகளில் உப்புக் காற்று வேறு, ஆறு மாதத்தில் கம்பி செத்துவிடும். அப்போது நாங்கள் செய்வது, கம்பியைக் கழற்றிச் சுருட்டி, பத்து நிமிடம் தண்ணீரில் அவித்து, துடைத்துக் காய விட்டு மாட்டுவது. அழுக்குக் கழன்று சில வாரத்துக்குப் பழைய மினுக்கம் திரும்பும். அம்மாவின் சோற்றுப் பானையில் மட்டும் அவிக்காதீர்கள், என் வீட்டில் அதைப் பற்றி இன்னும் கதைக்கிறார்கள்.

மாற்றுகிற எண்ணம் இருந்தால் இன்றைக்கே தொடங்குங்கள், ஆவணிக்குள் ஒரு மணி நேரப் பட்டியல் தேறும். இல்லை, இந்த முறையும் ஆள் பிடிக்கிறோம் என்றால் திகதியை இப்போதே அனுப்பிவிடுங்கள். எனக்கே ஆவணியில் மூன்று நாள் போய்விட்டது, நானோ பட்டியலில் கடைசி.