மூன்றில் ஏழு போகுமா? இருநிறச் சில்லுப் பெட்டி: ஒரு மதிப்பீடு

தொடக்கப் பள்ளியில் "மூன்றில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்கு" என்று சொல்லியே பழக்குகிறோம். ஆறாம் வகுப்பில் முழுக்கள் பாடம் வந்ததும் அதே மூன்றில் ஏழு போய்விடுகிறது, விடை −4. பிள்ளைகள் விழிப்பதில் வியப்பில்லை. இந்த இடத்துக்காகவே விற்கப்படுபவை இருநிறச் சில்லுகள். ஒருபக்கம் மஞ்சள், மறுபக்கம் சிவப்பு, சுமார் 25 மி.மீ. விட்டம். மஞ்சள் +1, சிவப்பு −1. இரண்டிலும் ஒவ்வொன்று சேர்ந்தால் பூச்சியம். பெட்டியின் உயிர் இந்தப் பூச்சிய ஜோடிதான்.

3 − 7 செய்ய, மூன்று மஞ்சளை வையுங்கள். ஏழு மஞ்சளை எடுக்க வேண்டும், நான்கு குறைகிறது. நான்கு ஜோடிகளை, அதாவது நான்கு மஞ்சளையும் நான்கு சிவப்பையும், சேர்த்து வையுங்கள். மதிப்பு இன்னும் 3தான். இப்போது ஏழு மஞ்சளை எடுத்தால் மிஞ்சுவது நான்கு சிவப்பு. குழந்தை ஜோடியை மறந்து நான்கு மஞ்சளை மட்டும் சேர்த்தால் விடை 0 என்று வரும். தவறு எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

தெரியாமல் ஒளிந்துகொள்ளும் தவறு வேறு. சில பிள்ளைகள் மூன்று மஞ்சளையும் ஏழு சிவப்பையும் வைத்து, மூன்று ஜோடிகளை நீக்கி, −4 என்று சரியாகவே சொல்வார்கள். ஆனால் அவர்கள் செய்தது 3 + (−7). எதிர் எண்ணைக் கூட்டுகிறோம் என்று புரிந்து செய்தால் நல்லது. புரியாமல் செய்தவர்களுக்கு 3 − (−2) கொடுத்துப் பாருங்கள். மூன்று மஞ்சள், இரண்டு சிவப்பு வைத்து 1 என்பார்கள். சரியான வழியில் இரண்டு ஜோடிகளைச் சேர்த்து இரண்டு சிவப்பை எடுத்தால் ஐந்து மஞ்சள் நிற்கும். பெட்டி தன் விலைக்கு ஈடுகொடுப்பது இந்தக் கணக்கில்தான். வெறும் 3 − 7க்கு என்றால் தரையில் சாக்பீஸால் வரைந்த எண்கோடே போதும். அதிலும் ஒரு பொறி உண்டு: நிற்கிற 3ஐயே முதல் அடியாக எண்ணினால் −3இல் போய் நிற்பார்கள்.

"இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ்" என்று மனப்பாடம் செய்தவர்கள் −3 − 2க்கு +5 எழுதுவார்கள். அதற்கும் சில்லுகள் நல்ல மருந்து: மூன்று சிவப்பு, இரண்டு ஜோடி, இரண்டு மஞ்சள் வெளியே, மிச்சம் ஐந்து சிவப்பு.

தொடங்கும்போது −5 − (−2)இல் தொடங்குங்கள். ஐந்து சிவப்பில் இரண்டை எடுத்தால் மூன்று சிவப்பு. ஜோடியே தேவையில்லை என்பதால் 'எடுத்தல்' என்ற பொருள் முதலில் பதிந்துவிடும்.

எத்தனை வாங்குவது? பத்துக்குள் உள்ள கணக்குகளில் மிகப் பெரிய தேவை 10 − (−10): பத்துச் சில்லுகள், பத்து ஜோடிகள், ஆக 30. எனவே 100 கொண்ட பெட்டி மூன்று பேருக்குத்தான் போதும்.

இருபக்கமும் இருநிறம் என்பதே இதன் பலவீனமும். முழங்கை பட்டு ஒரு சில்லு புரண்டால் மதிப்பு 2 மாறிவிடும். −4 என்பது −2 ஆகிவிடும். விளிம்புள்ள தட்டில் வைத்துச் செய்வது நல்லது. ஃபோம் சில்லுகள் சத்தம் போடாது, ஆனால் மின்விசிறிக் காற்றில் நகரும், பிளாஸ்டிக்கே மேல். சிவப்பு-பச்சைப் பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள், நிறக்குறைபாடு உள்ள குழந்தைக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியலாம். எந்தப் பெட்டியானாலும் மார்க்கரால் + , − எழுதிவிடுவது உத்தமம். பண்டைச் சீனத்தின் எண்ணுகுச்சிகளில் சிவப்பு மிகை, கறுப்பு குறை. நிறத்துக்கென்று இயல்பான பொருள் எதுவும் இல்லை.

23 − 60 போன்றவற்றுக்கு இது உதவாது. ஓரிரு வாரங்களில் சில்லுகளை மூடிவைத்துவிட்டு எண்கோட்டுக்கும் தாளுக்கும் போய்விட வேண்டும்.

காசு செலவழிக்க மனமில்லாதவர்கள் தாய விளையாட்டுக்குச் செய்வதுபோல 30 புளியங்கொட்டைகளை ஒருபக்கம் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்ளலாம். வெள்ளை மிகை, பழுப்பு குறை. தேய்த்த பக்கம் மேலே இருக்கும்போது கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான்.